இல்லாத காலின் நோவு

ஒரு காலை அடக்கம் பண்ணப் பெட்டி செய்து கொடுத்தவன் நான்.

கேரளத்து அமரவிளையில் ரோட்டோரமாகக் கண்ணாடி வெட்டி, படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை எனக்கு. பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரு லாரி இடித்து இடது கால் முட்டுக்குக் கீழே போய்விட்டது. அவர்கள் பழைய மிஷன் சபைக் குடும்பம். கடைசி நாளில் உயிர்த்து எழும்பும்போது காலைத் தேடிக்கொண்டு நிற்க முடியாதே என்று, ஆசுபத்திரியில் எழுதிக் கொடுத்து அந்தக் காலை வாங்கி வந்துவிட்டார்கள். குடும்பக் கல்லறையின் ஓரத்தில் குழி. மணி அடிக்கவில்லை, போதகர் சின்னதாக ஒரு ஜெபம் மட்டும் செய்தார். அண்ணன் கட்டிலில் கிடந்தபடியே என்னிடம் சொன்னார்: "எலே, எல்லாரும் செத்தாத்தான் அங்க போவாங்க. நான் ஒரு கால முன்னால அனுப்பி இடம் பிடிச்சாச்சு, கேட்டியா?"

பெட்டியில்தான் பிசகிப்போனேன். அலமாரிக் கதவிலும் சுவர்ப் பொந்திலும் பொருந்த வேண்டிய சட்டங்களைச் செய்து செய்து, நீளம் என்று யார் சொன்னாலும் வெளியளவாக எடுப்பது என் கைப்பழக்கம். அன்றும் அப்படியே வெட்டினேன். பலகையின் கனம் இரண்டு பக்கமும் தின்றதில் உள்ளே ஒன்றரை இஞ்சு குறைந்துபோனது. விரல்கள் பலகையில் முட்டின. நேரமில்லை, வெளியே ஆட்கள் காத்து நின்றார்கள். துணியோடு லேசாக மடக்கி மூடி ஆணி அடித்தேன். யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் மாதம் அண்ணனுக்கு நோவு தொடங்கியது. இருக்கிற காலில் இல்லை, போன காலில்.

"மக்கா, வெரலெல்லாம் உள்ளுக்குச் சுருண்டு கெடக்கு. நகம் உள்ளங்கால்ல குத்துது. நிமித்த ஒக்கல்ல" என்றார்.

ஆட்டோவுக்குப் பிரேக் வலது காலில்தான். இடது கால் இல்லாமலும் ஓட்டலாம், ஓட்டியும் பார்த்தார். நோவு வெட்டும்போது கை ஹேண்டிலில் நிற்கவில்லை. ஒருநாள் சவாரியோடு வண்டி ஓடைக்குள் இறங்கப் பார்த்தது. அதோடு வண்டி தார்ப்பாய்க்கு அடியில் போனது. வண்டி ஓடாவிட்டால் அண்ணன் அண்ணனாக இருக்க மாட்டார், அது எங்கள் தெருவுக்கே தெரியும்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனில்லை. ஆனால் மூளை, பிரபஞ்சம், ஜென் என்று தமிழிலும் மலையாளத்திலும் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். தினமும் ஷட்டர் தூக்குமுன் அரை மணி நேரம் சுவரைப் பார்த்து உட்காருவேன். டீக்கடைக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் 'சுவர் மாஷ்', சுவர் வாத்தியார். அந்தத் தைரியத்தில் அண்ணனிடம் போய், "நோவ வெரட்டாதீங்க. சும்மா பாருங்க. நோவுது, சரி. ஆருக்கு நோவுதுன்னு உள்ள தேடுங்க" என்றேன்.

"எனக்காக்கும் நோவுது! வேற ஆருக்கு, உனக்கா? எந்திரிச்சுப் போலே!"

அதோடு என் ஜென் முடிந்தது.

அடுத்த வாரம் அவர் ஒரு முடிவோடு இருந்தார். "பெட்டி சரியில்லடே. காலு மடங்கிக் கெடக்கு. சபைக் கமிட்டிக்கு மனு எழுதியாச்சு. தோண்டி நிமித்தி வைக்கணும்."

வெட்டுப்பட்ட உறுப்பு இறுகி மடங்கிக் கிடப்பதாகச் சொல்கிறவர்கள் உலகமெங்கும் உண்டு. பெட்டியிலேயே வைக்காத உறுப்புக்கும் அந்த நோவு உண்டு. உடம்பின் படம் ஒன்றை மூளை தனக்குள் வைத்திருக்கிறது, கால் போனாலும் படத்திலிருந்து கால் போவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால், தப்பிப்பதற்காகப் பேசுகிற பேச்சாகிவிடும். ஆகவே முதலில் பெட்டியைச் சொன்னேன். வெளியளவு, ஒன்றரை இஞ்சு, மடக்கின விரல்கள், எல்லாம்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாவி. என் காலுக்குப் பலக மிச்சம் பிடிச்சியா நீ?"

"ஒரு மாசம் நான் சொல்லியதச் செய்யுங்க அண்ணே. மாறலேன்னா மம்பட்டியோட நானே வாறேன்."

கடையிலிருந்து இரண்டடி உயரக் கண்ணாடி ஒன்றை எடுத்துப் போனேன். பாயில் அவரை உட்காரவைத்து, இரண்டு கால்களுக்கும் நடுவே அதை நிறுத்தினேன். கண்ணாடியின் முகம் வலது காலைப் பார்த்து இருந்தது, குறைக்கால் அதன் பின்னால் மறைந்தது. சாய்ந்து பார்த்தால் கண்ணாடிக்குள் ஓர் இடது கால், முழுசாக.

"ரெண்டு காலையும் சுருட்டுங்க. இனி ரெண்டையும் மெதுவா விரிங்க. கண்ண எடுக்காதீங்க."

வலது கால் விரல்கள் விரிந்தன. கண்ணாடிக்குள்ளும் விரிந்தன. அண்ணனின் வாய் கோணிற்று.

"விரிஞ்சு" என்றார். பிறகு சத்தமாக, "ஏட்டி, இஞ்ச வா! விரிஞ்சு போச்சு!"

அடுக்களையிலிருந்து அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், ஓடி வந்தாள். கண்ணாடிக்கு முன்னால் பார்த்தாள், பின்னால் குனிந்து பார்த்தாள். "முன்னால காலு உண்டு. பின்னால இல்ல. அப்போ நோவு எங்க இருந்துதான் எறங்கிப் போச்சு தம்பி?"

பத்து வருஷம் சுவரைப் பார்த்தும் இவ்வளவு நேராக எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. இருக்கிற உலகத்தை அப்படியே பார்க்கிறோம் என்று நினைக்கிறோம். மூளை போட்டுக் காட்டுகிற படத்தைத்தான் பார்க்கிறோம் என்கிறது விஞ்ஞானம். அந்தப் படத்தை 'நான்' என்று இறுக்கிப் பிடிக்காதே என்கிறது ஜென். அன்று அந்தப் பாயில் இரண்டும் ஒரே இடத்தைத்தான் தொட்டன. படம் பொய்யாக இருக்கலாம், நோவு பொய்யில்லை. படம் மாறினால் நோவும் மாறும். இதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை.

கண்ணாடியை எடுத்ததும் விரல்கள் திரும்பச் சுருண்டன. விடவில்லை. காலையும் மாலையும் பத்து நிமிஷம். மாதம் முடிவதற்குள் மனுவை அவரே திரும்ப வாங்கிவிட்டார். தார்ப்பாயையும் உருவினார்.

பிறகு ஒரு புதுமை. போன கால் கொஞ்சங்கொஞ்சமாகக் குட்டையாகிறது என்றார். கணுக்கால் காணோம், பாதம் நேரே முட்டில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். அப்படியும் ஆவது உண்டு என்று படித்திருந்தேன், சொன்னேன்.

போன வாரம் அவர் வண்டியில் பெருங்கடவிளைக்குப் போனேன். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"இண்ணைக்கு வெடியக்காலத்த எழும்பித் தேடினேன். இல்ல."

"நோவா?"

"நோவு போய் நாளாச்சு. காலச் சொல்லுதேன். அம்பது வருசம் கூட நடந்ததாக்கும்." கொஞ்ச தூரம் போனபின், "சிரிக்கவா அழவா, நீயே சொல்லு" என்றார்.

"ரெண்டும் செய்யலாம் அண்ணே."

வளைவில் வேகத்தைக் குறைக்காமல் அவர் இரண்டையும் செய்தார்.