மணிக்கு எத்தனை மில்லி

நர்ஸ் வேலை என்றால் ஊசி போடுவது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கள்ளக்குறிச்சியில் நான் பார்த்த வேலையில் பாதி, மூத்திரம் அளப்பது. அளவு ஜாடியோடு கட்டில் கட்டிலாக அலைந்த சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

துண்டு போட்டு மூடிய பை

கரியாலூர்ப் பக்கத்திலிருந்து சடையன் என்று ஒரு கூலித் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். பாம்புக்கடி. விஷத்துக்கு மருந்து ஏற்றி ஆளைப் பிழைக்க வைத்தாயிற்று, சிறுநீரகம் படுத்துவிட்டது. குழாய் போட்டுக் கட்டிலில் பை மாட்டினோம். மணிக்கு எத்தனை மில்லி இறங்குகிறது என்று நான் எழுதி வைப்பதைப் பார்த்துத்தான், இங்கேயே வைத்துப் பார்ப்பதா, டயாலிசிஸுக்கு வெளியூர் அனுப்புவதா என்று டாக்டர் முடிவு செய்வார்.

இரண்டு தடவை போய்ப் பார்த்தேன், பை காலி. விசாரித்தால், அவர் மனைவி பூங்காவனம் கழிவறையில் கொட்டிவிட்டு, பையைத் துண்டால் மூடி வைத்திருக்கிறாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"மாமனாரு பாக்க வராருங்க. அத அப்பிடியே தொங்கவுட்டுக்கினா இருப்பாங்க?"

அரை டம்ளர்

வெளியே போகிற அளவைப் பார்த்துத்தான் குடிக்கக் கொடுக்க வேண்டும். மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு வேளைக்கு நான் சொல்கிற அரை டம்ளருக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பூங்காவனத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் மிரட்டினேன். ஏற்கெனவே திட்டு வாங்கியவள், அதன்பின் இம்மி பிசகவில்லை. சடையன்தான் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வூட்டாண்ட ஓடை ஓடிக்கினே இருக்குதும்மா. நான் இங்க வந்து தண்ணிக்குச் சாவறேன்."

நல்ல சேதி

நான்காம் நாள் காலை பையில் நன்றாக இறங்கியிருந்தது. சந்தோஷம் தாங்காமல் எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் தன் அம்மாவைச் சேர்த்திருந்தவர் சங்கராபுரத்துக் கடைக்கார பாய், தங்கமான மனிதர். அவரும் சந்தோஷப்பட்டு, கீழே போய் இரண்டு இளநீர் வாங்கி வந்து பூங்காவனத்திடம் கொடுத்திருக்கிறார், அவளும் சடையனுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டாள். இன்னும் நன்றாகப் பிரியும் என்று நம்பினார். நான் அப்போது வார்டின் மறுகோடியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

இளநீரில் இருக்கிற பொட்டாசியத்தைத் தேறாத சிறுநீரகம் வெளியேற்றாது. ஏற்கெனவே ரத்தத்தில் ஏறிக் கிடப்பதோடு சேர்ந்து அது இதயத்தை நிறுத்திவிடும். எனக்குத் தெரியும். நான் படித்தவள். மதியத்துக்குள் நாடி தாறுமாறாகி, டாக்டர் எவ்வளவோ நெஞ்சை அழுத்தியும் சடையன் பிழைக்கவில்லை. பாய் சுவரைப் பார்த்து நின்றார். ஏன் கொடுத்தாய் என்று பூங்காவனத்தைக் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"நீங்க சொன்ன மாதிரி ஒரு சொட்டுத் தண்ணி ஜாஸ்தி குடுக்கலங்க சிஸ்டர். எளநிதான குடுத்தேன்."

என் சார்ட்டில் ஒரு மில்லிகூடப் பிழையில்லை என்று டாக்டர் சொன்னார். இளநீரைப் பற்றி நான் சொல்லாமல் விட்டதை எழுத அதில் கட்டமே இல்லை.