குரு பகவானின் மூன்றாவது நிலா: செம்பாக்கத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை

ஐந்து மாதமாக இந்தப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. "அக்கா, அடுத்து எந்தக் கோயில்?" என்று கேட்டவர்களுக்குப் பதிலும் போடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தை எனக்கு அமைத்துக் கொடுத்தவன் என் மகன் தினேஷ். நான் ஐந்தாவது வரை படித்தவள், கீழ்க்கட்டளையில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். போய்வந்த இடத்தை நான் சொல்லச் சொல்ல, பஸ், செலவு எல்லாம் சேர்த்து அவன்தான் டைப் அடித்துப் போடுவான். இப்போது போனில் நானே பேசி, அது எழுதுவதைத் திருத்திப் போடுகிறேன்.

வைகாசியில் தினேஷ் இறந்துபோனான். இருபத்து நாலு வயது. தாம்பரத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிற வேலை. ஆள் வராத நாளில் பேனர் கட்டவும் போவான். அப்படிப் போன இடத்தில் காற்று அடித்து, சட்டத்தோடு கீழே விழுந்துவிட்டான். துணி சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தைத் திறக்க விடவில்லை. "பாக்க வேணாம்" என்று நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். செத்தவர்களுக்கெல்லாம் அஞ்சலி பேனரில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கிக் கொடுத்தவனுக்கு ஒரு நல்ல போட்டோ இல்லை. ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிசாக்கிப் போட்டார்கள். அது வேறு யாரோ மாதிரி இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தன்று, அவனோடு வேலை செய்த சரவணன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"யம்மா, செம்பாக்கத்துல ஒரு பெரிய பிளாட் கீதும்மா. அதுக்கு வெள்ளக்காரன் அந்தக் காலத்துல வரஞ்ச படம் நாலு அடிச்சிக் குடுத்தோம். அதுல ஒண்ண பெருசு பண்றப்போ மூஞ்சி மட்டும் புள்ளி புள்ளியா ஒடஞ்சி போச்சி. நம்மாளு இன்னா பண்ணான், கடைத் தரையில மல்லாக்கப் படுத்துகினு, 'நான் பயந்தா மாதிரி வாயத் தொறக்கறேன், நீ ஸ்டூல் மேல ஏறி எடுடா மச்சான்'னான். அந்த மூஞ்சியத்தாம்மா வெச்சான்."

"அன்னிக்கு வுழுந்து கெடந்தப்பவும் அதே மாதிரிதாம்மா மேல பாத்துகினு கெடந்தான்" என்றான்.

அந்த போட்டோ தினேஷின் போனோடு போய்விட்டது. கடைக் கம்ப்யூட்டரிலும் அழித்துவிட்டார்களாம். இனி அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சுவரில்தான் பார்க்க வேண்டும். பார்க்க ஆசை, பார்த்தால் என்ன ஆவேனோ என்ற பயம். இரண்டும் சேர்ந்து ஐந்து மாதத்தை ஓட்டிவிட்டன. தீபாவளிக்கு முந்தின நாள் அவனுக்குப் படைக்க வேண்டும், ஒரு படமாவது வேண்டும் என்றுதான் போன வாரம் கிளம்பினேன். கிளம்பிய பிறகுதான் அன்றைக்கு வியாழக்கிழமை என்று நினைவுக்கு வந்தது.

காலை எட்டரைக்குக் கீழ்க்கட்டளையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். மேடவாக்கம் கூட்ரோடு வரை இருபது ரூபாய். அங்கிருந்து தாம்பரம் போகிற சாதா பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. செம்பாக்கம் ஸ்டாப்பில் இறங்கும்போது ஒன்பதேகால். ஏரிக்கரை ஓரமாகப் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். ஏரிக்கு மேல் ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. கருடனைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். கை பாதி தூரம் போனது. அதற்கு மேல் போகவில்லை. ஏனென்று அப்போது எனக்குத் தெரியாது.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் என்னை வீட்டு வேலை கேட்டு வந்தவள் என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"பையன் மூஞ்சா? சி பிளாக்ல இருந்திச்சே, அந்தக் கருடன் படம். அது இப்ப இல்லியேம்மா."

அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மொதல்ல கருடன்னு சொல்லிக் கன்னத்துல போட்டுகினு போனாங்க. அப்பாலதான் கால்ல ஒரு பையன் தொங்கறதப் பாத்தாங்க. எங்க நின்னாலும் நம்மளையே பாக்கும்மா அது. கொழந்தைங்க அந்தப் பக்கம் போக மாட்டன்னு ஒரே அழுவ. மூணாவது மாடியில ஒரு பெருசு தூக்கத்துலயே போய்ட்ச்சி. அவ்ளோதான், பழி படத்து மேல. போன மாசம் கயட்டிட்டாங்க."

அப்போது நடைப்பயிற்சி முடித்து வந்த ஒரு அம்மா நின்று கேட்டார். ஸ்டெல்லா டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்து ரிட்டையர் ஆனவர். "வாங்கம்மா, மத்த மூணையாவது பாருங்க. உங்க பையன் கை பட்டதுதானே" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

நாலு பிளாக்கு, நாலு வாசல். ஒவ்வொரு வாசல் சுவரிலும் இரண்டு ஆள் உயரத்துக்குப் படம். முதலாவது பெயர் ஐஓ. ஒரு பெண்ணைக் கரும்புகை மாதிரி ஒரு மேகம் கட்டிப்பிடித்திருக்கிறது. உற்றுப் பார்த்தால் மேகத்துக்குள் ஒரு முகமும், அவள் இடுப்பைச் சுற்றி ஒரு கையும் இருக்கிறது. இரண்டாவது யூரோப்பா. வெள்ளை மாட்டின் முதுகில் ஒரு பெண். மாடு கடலுக்குள் போகிறது, அவள் கரையில் நிற்கும் தோழிகளைத் திரும்பிப் பார்க்கிறாள். மாட்டுக் கொம்புக்குப் பூ வேறு சுற்றியிருக்கிறது, நம் பொங்கல் மாடு மாதிரி. நாலாவது கலிஸ்டோ. ஒரு கரடிக்கு எதிரில் ஈட்டியோடு வாலிபப் பையன். அந்தக் கரடிதான் அவனைப் பெற்ற தாயாம், சாபத்தில் கரடியாகிவிட்டவளாம். அவனுக்கு அது தெரியாதாம்.

"இவங்க எல்லாரையும் கெடுத்தது ஒருத்தன்தாம்மா" என்றார் டீச்சர். "அந்த ஊர் சாமிகளுக்கெல்லாம் ராஜா. மேகமா வருவான், மாடா வருவான், கழுகா வருவான். ஜூபிடர்னு பேரு. வானத்துல பெரிய கிரகத்துக்கு அவன் பேர வெச்சாங்க. அதச் சுத்தற நிலாவுக்கெல்லாம் அவன் தூக்கிட்டுப் போனவங்க பேரு. பெரிய நிலா நாலு, அதான் இங்க நாலு பிளாக். இப்ப அவன் பொண்டாட்டி பேர்ல ஒரு ராக்கெட்டும் அனுப்பியிருக்காங்க, வேவு பாக்கறதுக்கு!"

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

"சி பிளாக்கு?"

"கனிமீடு. மூணாவது நிலா. அழகான பையன். கழுகு உருவத்துல வந்து அப்படியே மேல தூக்கிட்டுப் போயிட்டான். அவங்கப்பாவுக்கு ரெண்டு குதிரை குடுத்தானாம், பையனுக்குப் பதிலா."

"அம்மாவுக்கு?"

"அம்மாவப் பத்தி யாரும் பெருசா சொல்லலம்மா" என்றார்.

சி பிளாக் வாசலில் நின்றோம். சுவரில் நாலு ஆணித் துளைகள். படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, நீளச் சதுரமாக இருந்தது. வெறும் சுவர்தான். ஆனாலும் நான் எங்கே நகர்ந்தாலும் அந்த இடம் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது.

"ஜூபிடர்னா நம்ம ஊர்ல எது டீச்சர்?" என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"வியாழன்மா. நீங்க குரு பகவான்னு சொல்வீங்களே."

எனக்கு உள்ளங்கை சில்லென்று ஆகிவிட்டது. தினேஷுக்குக் குரு பலன் வந்துவிட்டது, இந்த வருஷம் கல்யாணம் முடியும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். அதற்காகத் தை மாதத்திலிருந்து வியாழக்கிழமை தவறாமல் கொண்டைக்கடலை மாலை கட்டிப் போட்டு, மஞ்சள் துணி சாத்தி, அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்த நிலாக்களும் அவரைத்தான் சுற்றுகின்றன. தூக்கிக்கொண்டு போனவனையே, விடாமல்.

டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது வேற, இது வேறம்மா. பேர் மனுஷங்க வெச்சதுதானே" என்றார். தலையை ஆட்டினேன். ஆனால் அந்தக் குளிர் போகவில்லை.

கழற்றிய படத்தை ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் கன்னியம்மா கேட்டு வாங்கிப் போய்விட்டாள் என்று வாட்ச்மேன் சொன்னார். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள், அன்று லீவு. அவரே போன் போட்டார். "யாம்மே, அந்தக் கருடன் படம் கீதா, இல்ல கிழிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "கீதாம். நேரா வரச் சொல்லுது."

செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். தாம்பரத்தில் செங்கல்பட்டு போகிற எலக்ட்ரிக் ரயில், டிக்கெட் பத்து ரூபாய், முக்கால் மணி நேரத்துக்குள் போய்விட்டது. இறங்கும்போது பன்னிரண்டரை. மேகம் கட்டியிருந்தது. தினேஷ் போய் வருஷம் திரும்பாததால் கோயிலுக்குள் போகவில்லை, போனாலும் அந்நேரம் நடை சாத்தியிருப்பார்கள்.

கன்னியம்மா இடுப்பில் குழந்தையோடு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள். சின்னப் பெண். கம்பெனிகளுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு, அதை ஒட்டி நாலு கம்பு நட்டு ஒரு சாய்ப்பு. சாய்ப்புக்கு மேல் வெள்ளையாக ஒரு தார்ப்பாய், கல் வைத்துக் கட்டியிருந்தது.

"படம் எங்கம்மா?"

"அதான்கா இது. படம் உள்பக்கம் கீது. மழத்தண்ணி பட்டா சாயம் போய்டும்னு எங்க வூட்டுக்காரரு திருப்பிப் போட்டாரு. நாங்க இதுலதான் படுக்கறது."

குனிந்து உள்ளே போனேன். உடனே மேலே பார்க்கத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்தேன். தரையெல்லாம் நிறமாக இருந்தது. ஒரு இடத்தில் சிவப்பு, ஒரு இடத்தில் பழுப்பு, என் புடவையிலும் அதே வெளிச்சம். காற்று அடித்தபோது நிறமெல்லாம் அசைந்தது. தலைக்கு மேல் பெரிய இறக்கை அடிக்கிற சத்தம் கேட்டது. பிளெக்ஸ்தான் படபடக்கிறது என்று தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாயில் மல்லாக்கப் படுத்துவிட்டேன். அப்படித்தான் பார்க்க முடியும்.

இந்தக் கம்பிலிருந்து அந்தக் கம்பு வரைக்கும் கழுகு. அதன் நகம் சிவப்புத் துணியைப் பிடித்திருக்கிறது, துணிக்குள் ஒரு பையன். யாரோ வெள்ளைக்காரப் பையனுடைய உடம்பு. நடுநடுவே ஊசி ஓட்டைகளில் வெளிச்சம், பகல் நேரத்து நட்சத்திரம் மாதிரி. சரியாக என் முகத்துக்கு மேல் தினேஷ். தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, கண் அகலமாக. காற்று வந்தால் அவன் மேலே போகிறான். காற்று நின்றால் என் பக்கம் இறங்கி வருகிறான். கத்துகிறான், சத்தம் மட்டும் கேட்கவில்லை. அவனும் தரையில் படுத்துத்தான் இப்படி மேலே பார்த்தான். இப்போது நான் படுத்திருக்கிறேன். ஐந்து மாதமாக நான் பயந்த முகம் இதுதான்.

கண்ணை மூடப் போனேன். அப்போதுதான் இடது கன்னத்தைப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் ஒரு சின்னக் குழி. மூன்றாவது படிக்கும்போது பல்வலி என்று நடித்துப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவான். முகமெல்லாம் அழும், அந்த ஒரு இடம் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். சிரிப்பை அடக்கினால்தான் அங்கே குழி விழும். அவன் பயப்படவில்லை. ஸ்டூல் மேல் நிற்கும் சரவணனைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் அடக்கிக்கொண்டு கிடக்கிறான். இதை நான் ஒருத்திதான் பார்க்க முடியும்.

"டேய்" என்றேன்.

எவ்வளவு நேரம் அழுதேனோ. கன்னியம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவுத்துத் தரேன், எடுத்துகினு போக்கா. நாங்க வேற எதுனா போட்டுக்கறோம்" என்றாள். சொல்லும்போதே வெளியே மேகத்தைப் பார்த்தாள்.

நான் பதில் சொல்வதற்குள் குழந்தை பசியில் அழுதது. பருப்புச் சாதம் பிசைந்து வந்தவள் வெளியே போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து மேலே கையைக் காட்டினாள். "அங்க பாரு, பறக்கற மாமா. மாமா எப்டி வாயத் தொறக்கறாரு? ஆஆ..." குழந்தை அண்ணாந்து அவனைப் பார்த்தது. அவனைப் போலவே வாயைத் திறந்தது. சோறு உள்ளே போனது.

"இதான்கா எங்களுக்கு நிலா. இவரக் காட்னாதான் துன்றா."

"இப்படிக் குடு" என்று கிண்ணத்தை வாங்கினேன். மீதிச் சோற்றை நான்தான் ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் அவனைக் காட்டினேன். படத்தைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி, போகிறவர்களுக்கு. செம்பாக்கம் பிளாட்டுக்குள் சும்மா விட மாட்டார்கள், தெரிந்தவர் இருந்தால்தான். சிங்கப்பெருமாள் கோவிலில் சாமி மலையைக் குடைந்த குகையில் இருக்கிறார், சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். காலையில் சீக்கிரம் போங்கள். ஆட்டோ, ரயில் எல்லாம் சேர்த்துத் திரும்பி வர நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், குடை அவசியம். கன்னியம்மா வீட்டுக்கு வழி எழுத மாட்டேன். அது ஒரு குடும்பம் தூங்குகிற இடம். வியாழனைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சாதாரண பைனாகுலரை ஆடாமல் பிடித்துப் பார்த்தால், பக்கத்தில் புள்ளி புள்ளியாக அந்த நாலு நிலாவும் தெரியும் என்று டீச்சர் சொன்னார். நான் இன்னும் பார்க்கவில்லை. என் போனில் எடுத்த படம் இருட்டாக வந்துவிட்டது, ஊசி ஓட்டை வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. படையலுக்கு அதைத்தான் வைத்தேன்.

நேற்று சாயந்திரத்திலிருந்து இங்கே விடாத மழை. காலையில் மனம் கேட்காமல் போன் செய்து, ஒழுகுகிறதா என்று கேட்டேன்.

"ஊசி ஓட்டைக்கெல்லாம் எங்க வூட்டுக்காரரு மேல டேப் ஒட்டிட்டாரு, ஒரு சொட்டு இறங்கலக்கா" என்றாள் கன்னியம்மா. "நாங்களும் நனையல. உன் புள்ளயும் நனையல."