விட்டுப்போன ஒரு முறை

டெல்லியில் எம்.பி.க்களின் மனைவிமார் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டால், பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுவார்கள். எத்தனையாவது முறை? உன் வீட்டுக்காரர் எத்தனையாவது தடவையாக ஜெயித்து வந்திருக்கிறார் என்று அர்த்தம். சோபாவில் எங்கே உட்காரலாம், தேநீர் யாருக்கு முதலில் வரும் என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. முதல்முறைக்காரியாகப் போன புதிதில் நான் ஒரு மூலையில் உட்கார்ந்து பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனால் அடுத்த தேர்தல் முடிந்து புதிதாக ஒரு பெண் வந்து நின்றபோது, நானும் வாயைத் திறந்து அதையேதான் கேட்டேன்.

வீடு ஒதுக்குவது, கமிட்டியில் போடுவது, பேச நேரம் கொடுப்பது எல்லாம் அந்தக் கணக்கில்தான் ஓடும். சபையில் உட்காருகிற இடமும் அப்படித்தான். கட்சிக்கு எத்தனை உறுப்பினர்களோ அதற்குத் தக்கபடி முதல் வரிசையில் இடம் கிடைக்கும். அதில் யாரை உட்காரவைப்பது என்பது கட்சியின் பாடு. இந்தத் தடவை எங்கள் கட்சிக்கு அங்கே இரண்டு இடம். ஒன்று கட்சியின் சபைத் தலைவருக்கு, அதில் பேச்சே இல்லை. இன்னொன்று மற்றவர்களில் மூத்தவருக்கு.

மூத்தவர் யார் என்பதில்தான் வந்தது வினை. என் வீட்டுக்காரர் ஐந்து முறை ஜெயித்தவர். ஆனால் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே ஒரு தேர்தலில் அவர் நிற்கவில்லை. கடற்கரை ஊர்க்காரரான ஓர் அம்மா நான்கே முறைதான், ஆனால் இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக. மொத்தத்தைக் கூட்டினால் இவர் மூத்தவர். தொடர்ச்சியைப் பார்த்தால் அந்த அம்மா. இரண்டு விதமாகவும் முன்னால் நடந்திருக்கிறது என்பார்கள். அவரவருக்கு எது தோதோ அதை எடுத்துச் சொல்வார்கள்.

அந்த விட்டுப்போன முறைக்குக் காரணம் நான்.

வெளியே யாருக்கும் அது தெரியாது. கட்சி கழற்றிவிட்டுவிட்டது என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் என் மார்பில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார்கள். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தால் வருகிற ஜாதகமும் வராது என்று, யாரிடமும் மூச்சு விடக்கூடாது எனச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவர் கட்சித் தலைவரிடம் போய், இந்தத் தடவை எனக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். பிறகு ஒவ்வொரு சிகிச்சைக்கும் திருவனந்தபுரத்துக்கு அவரேதான் கார் ஓட்டிக்கொண்டு போனார். தெருவில் கேட்டால் அனந்தபத்மநாபனைச் சேவிக்கப் போகிறோம் என்பார். சைவக் குடும்பத்துக்குப் பெருமாள்மேல் இப்படியொரு பக்தியா என்று எங்கள் தெருவே கேலி செய்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ராத்திரியில் நான் வாந்தி எடுக்கும்போது கிண்ணத்தை ஏந்தியதும் அதே ஆள்தான்.

நான் பிழைத்துக்கொண்டேன். மகளுக்குக் கல்யாணம் ஆகிப் பேரனும் பிறந்துவிட்டான். அவர் மறுபடி நின்று ஜெயித்து டெல்லிக்குப் போனபோது எங்கள் பழைய வீட்டில் வேறொருவர் இருந்தார். சபையிலும் பின்னால் தள்ளி உட்காரவைத்தார்கள். அவர் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. எனக்குத்தான் உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது.

அதனால் இந்தத் தடவை அவர் ஜெயித்த நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். போன் அடித்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அடுத்த தெருவில் டவுண் பஸ் ஹாரன் அடித்தால்கூடத் தூக்கிவாரிப்போட்டது. அவரோ மூன்று வேளையும் சாப்பிட்டார், வந்தவர்களோடு பேசினார், படுத்தால் தூங்கினார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"ஏட்டி, ஒரு இடத்துல இரி. உனக்கா இடம் ஒதுக்குதாங்க?" என்றார்.

"ஆமா, எனக்குத்தான்," என்றேன்.

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த முதல் வரிசை அவருக்குக் கிடைத்துவிட்டால், நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்தது மாதிரி ஆகும். அதற்குப் பிறகாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று இருந்தேன்.

அந்த வாரம் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு திரும்பும்போது பாபநாசத்தில் ஒரு முங்கு போட்டுவிட்டுப் போகலாம் என்றார். இந்த வயதில் ஆற்றுத் தண்ணீர் ஆகாது என்று சொன்னால் கேட்கிற ஆளா. வேட்டியை மாற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். அவருடைய போன் என் கைப்பையில் இருந்தது. நான் படித்துறையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அது அடித்தது. டெல்லியிலிருந்து, கட்சியின் பாராளுமன்ற அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர். சென்னைக்காரர், நல்ல மனிதர்.

"ஐயா குளிக்கிறாங்களா? ஒண்ணுமில்லைம்மா, முதல் வரிசை சீட் விஷயமா ஒரு சந்தேகம். நடுவுல ஒரு முறை ஐயா வேண்டாம்னுட்டாங்களே, அது எதனால? தலைவர் கேக்கிறார்."

அவர் இடுப்பளவு தண்ணீரில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் வந்து பேசினால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நானாத்தான் ஒதுங்கினேன், காரணம் ஒண்ணும் இல்லை என்பார். அதோடு கதை முடிந்துவிடும்.

"எனக்கு மார்புல புற்றுநோய் வந்துச்சு, தம்பி. என்னைப் பாக்கத்தான் அவுக நிக்கல. இதை அப்படியே தலைவர்கிட்ட சொல்லுங்க," என்றேன்.

கூடப்பிறந்த அக்காவிடம்கூட நான் சொல்லாத வார்த்தை அது. பக்கத்தில் சேலை பிழிந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சொல்றேம்மா," என்று அவர் போனை வைத்துவிட்டார்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம் உடனே சொன்னேன். எனக்கு எதையும் அடக்கிவைக்க வராது. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. காரில் டிரைவர் இருந்ததால் சேரன்மகாதேவி தாண்டியும் ஒரு பேச்சில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அதைக் காட்டி ஒரு இடம் வாங்குறதுக்கா நான் உன்கூட இருந்தேன்?"

"நீங்க காட்டலையே, நான்தானே சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்ட்டி."

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னே என்னதான் செய்யச் சொல்கிறீர்கள், சாகிறவரைக்கும் உங்கள் முதுகையே பார்த்துக்கொண்டு வருத்தப்படவா என்று கத்தினேன். அவர் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் நான் சொன்னபடியே அவருக்குச் சளி பிடித்திருந்தது.

அன்று தலைவரே போனில் பேசினார். தொடர்ச்சியைப் பார்ப்பதுதான் கட்சியில் வழக்கம், அதை ஒருவருக்காக மாற்றினால் நாளைக்கு ஆளாளுக்குக் கேட்பார்கள் என்றார். ஆனாலும் விஷயத்தை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவராக விட்டுக்கொடுத்தால் எனக்கு மறுப்பில்லை என்றும் சொன்னார். சாயங்காலம் அந்த அம்மாவிடமிருந்தே போன் வந்தது. ஊருக்குப் போகிற வழியில் நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன் என்றார்.

என் காலே தரையில் பாவவில்லை. இல்லை என்று சொல்ல யாராவது மெனக்கெட்டு வீடு தேடி வருவார்களா? ரத வீதியிலிருந்து அல்வா வாங்கிவரச் சொன்னேன். எப்படி நன்றி சொல்வது என்று அடுக்களையில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒருவேளை கொடுக்காவிட்டால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்கவும் தயாராகத்தான் இருந்தேன். அவரோ, எனக்கு இதில் பேச ஒன்றும் இல்லை என்று இருமிக்கொண்டே உள் அறைக்குப் போய்விட்டார்.

எங்கள் தெருவுக்குள் பெரிய கார் நுழையாது. அந்த அம்மா முனையிலேயே இறங்கி நடந்து வந்தார். வெளிறிய நீலத்தில் நூல் சேலை, கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். அல்வாத் தட்டைத் தொடவில்லை. காப்பியை மட்டும் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்துக்கொண்டார்.

"உடம்பு இப்ப எப்படி இருக்கு அக்கா?"

"நல்லாருக்கேன்மா."

"குடுக்கத்தான் அக்கா கார்ல ஏறினேன். தெரு முனை வரைக்கும் அந்த நினைப்புதான். ஆனா முடியாது போல. அதை உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. வாயைத் திறக்கப் போனேன். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டு. மூணாவது தடவை நான் நிக்காண்டாம்னுதான் இருந்தேன். ஒரு தடவை விட்டா பிறகு எல்லாருக்கும் கீழதான் நிப்பேன்னு கட்சியில சொன்னாங்க. எனக்கும் ஆசைதான், இல்லேங்கல. கடைசிப் பிரசார நாள் அக்கா. வண்டியில நின்னு ஊர் ஊரா கும்பிட்டுட்டுப் போறேன். மவன் போன் மேல போன் அடிக்கான். இந்த ஒரு ஊரை முடிச்சிட்டுப் போயிருவோம், இந்த ஒரு ஊரைன்னு…" கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். "நான் போய்ச் சேருதப்போ வீட்டுக்குச் சவப்பெட்டி வந்துட்டு."

நான் அல்வாத் தட்டை ஓரமாக நகர்த்தினேன்.

"அந்த இடத்தையும் இப்ப குடுத்திட்டா, அன்னைக்கு எதுக்காக அவர் பக்கத்துல இல்லாமப் போனேன்னு எனக்கே சொல்லிக்கிட ஒண்ணும் மிஞ்சாது அக்கா. கோவிச்சுக்கிடாதீங்க."

ஒத்திகை பார்த்து வைத்திருந்த நன்றியும் போயிற்று, நறுக்கென்று கேட்க வைத்திருந்த கேள்விகளும் போயின. வெட்கமாக இருந்தது. இத்தனை நாளாக நான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்ததில் இந்தப் பெண் வெறும் நான்கு முறைதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வச்சுக்கிடும்மா. அது உன் இடம்தான்," என்றேன். எப்போது 'உன்' என்று சொல்ல ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

உள் அறையில் இருமல் சத்தம் கேட்டது. "ஏட்டி, கொஞ்சம் வெந்நி கொண்டாயேன்," என்று அவர் கூப்பிட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. விருந்தாளியை விட்டுவிட்டு எப்படிப் போவது? அந்த அம்மா அந்தக் குரல் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போங்க அக்கா," என்றார். "கூப்பிடுதாங்கல்லா."