முவைலாவிலிருந்து ஒரு கம்பெனி ஆட்சி

பாலைவனத்தில் நின்றுகொண்டு வங்காளத்து நிலவரியைப் பாடம் நடத்துவதைப் போல ஆள் அண்டாத தொழில் வேறு கிடையாது. ஷார்ஜாவில், முவைலா பக்கம் ஓர் இந்தியப் பள்ளியில் நான் வரலாற்று ஆசிரியன். மனைவியும் மகளும் திருச்சியில். இங்கே பிள்ளைகளுக்குப் பதினொன்றாம் வகுப்பு என்றால் சயின்ஸ், இல்லாவிட்டால் காமர்ஸ். இந்த முறையும் போதிய பேர் சேராவிட்டால் வரலாற்றுப் பிரிவையே மூடிவிடுவதாகப் பிரின்சிபால் மேடம் சொல்லிவிட்டார். பிரிவு போனால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே தனியாகக் குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

யார் வீட்டுச் சொத்து?

பத்தாம் வகுப்பில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் தலைவலியை விளக்கிக்கொண்டிருந்தேன். படைக்குச் சம்பளம் கொடுக்க நிலவரி வேண்டும். ஆனால் எந்த நிலம் யாருடையது, எவ்வளவு விளையும் என்று அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வங்காளத்தில் ஜமீன்தார்களைப் பிடித்து, "இவ்வளவு எங்களுக்குக் கொடு, மேலே வருவது உன் பாடு" என்று விட்டுவிட்டார்கள்.

வகுப்பு தூங்கி வழிந்தது. நிகில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் குடியிருக்கும் கட்டிடத்தின் முதலாளியை யாருமே பார்த்ததில்லையாம். பார்க்கிங் இடம் ஆனாலும், ஏசி ரிப்பேர் ஆனாலும், வசூல் செய்வது நாத்தூர் என்கிற வாட்ச்மேன்தான். எழுந்து நின்று கேட்டான்: "அப்போ எங்க நாத்தூர்தான் ஜமீன்தார், கரெக்டா சார்?"

வருமான வரி பிறந்த கதை

நிகிலுக்கு வரலாறு பிடித்துப்போயிற்று. ஒருவனாவது சேருவான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவன் அப்பாவுக்குச் சவூதியில், அல் கோபாரில் வேலை. லீவில் வந்தவர் என்னைப் பார்க்க வந்தார். சிப்பாய்க் கலகத்தை அடக்கிய செலவையும் இந்தியாவின் தலையிலேயே கட்டி, கஜானாவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப வருமான வரி போட்ட கதையை அவருக்குச் சொன்னேன். வரி இல்லாத நாட்டில் வாழ்கிறவர் அல்லவா, விழுந்து விழுந்து சிரித்தார். ஆள் மாட்டிவிட்டார் என்றே நினைத்தேன்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தான் சார் சொல்றீங்க. ஆனா இதைப் படிச்சு இவன் உங்களை மாதிரி ஆயிட்டா என்ன பண்றது?"

லண்டன் உத்தரவு

பாய்மரக் கப்பல் காலத்தில் லண்டனிலிருந்து உத்தரவு வந்து சேர மாதக்கணக்காகும். போர் தொடுக்காதே என்று எழுதிய கடிதம் வருவதற்குள் இந்தியாவில் போரே முடிந்திருக்கும். இதை வகுப்பில் சொல்லி நன்றாகச் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் மனைவியை வீடியோ காலில் அழைத்து, தண்ணீர் மோட்டாரைப் பற்றி நீண்ட உத்தரவு போட்டேன். எந்த மெக்கானிக், எந்தக் கடை, எதில் ஏமாறக்கூடாது எல்லாம். பாவம், பொறுமையாகக் கேட்டாள். "ம், சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மோட்டார் மாத்தி ஒரு வாரமாச்சு."

மூடுவிழா

பிரிவை மூடிவிட்டார்கள். நிகில் காமர்ஸில் சேர்ந்துவிட்டான். ஸ்டாஃப் ரூமில் துக்கம் விசாரிக்க இன்னொரு வரலாற்று ஆசிரியர்கூட இல்லை. பிரின்சிபால் மேடம் உண்மையாகவே வருத்தப்பட்டார்: "உடனே கிளம்பிடாதீங்க சார், எக்ஸாம் ட்யூட்டிக்கு ஆள் பத்தலை."

சுயராஜ்யம்

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். இனிமேல் தனியாகச் சாப்பிட வேண்டாம். வீட்டுக்கு அழைத்து, ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்றேன். மனைவி "வாங்க" என்று மட்டும் சொல்லி, போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

மகள் துள்ளிக் குதித்தாள். அப்புறம் திடீரென்று கவலையோடு கேட்டாள்: "ஆனா நீங்க எங்கப்பா படுப்பீங்க? உங்க ரூம்லதான் அம்மா கணக்கு டியூஷன் எடுக்கறாங்க, உட்கார இடமில்லாம பிள்ளைங்க வருது."

தூரத்திலிருந்து ஆள்கிறவனுக்குக் கஜானா காலியாவது ஒரு கஷ்டம்தான் என்றாலும், அவன் இல்லாமலேயே அங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது என்று கடைசியில் தெரியவரும் கஷ்டத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை.