கிராம சபையில் நான் சொன்ன பதில்

அப்போது நாங்கள் ஒரு வேனில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். பழைய டெம்போ வேன். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு எட்டு லேப்டாப்புகளும் மடக்கு மேசைகளும் போட்டிருந்தோம். ஏற்காடு மலையில் வாரத்துக்கு ஐந்து ஊர். பெங்களூரில் உள்ள ஓர் அறக்கட்டளை நிதி கொடுத்தது. பாதி நேரம் கம்ப்யூட்டர் பாடம். மீதி நேரம், விண்ணப்பத்தில் நாங்கள் எழுதியிருந்தபடி, ‘இளைஞர்களின் குடிமைப் பங்கேற்பு’. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது, மனு எழுதுவது, கிராம சபையில் கேள்வி கேட்பது. நான் சேலத்திலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர். வகுப்பும் நான், அறிக்கையும் நான். வேனை ஓட்டவும் போனில் படம் எடுக்கவும் ஒரு டிரைவர் இருந்தார்.

நாகலூரைத் தாண்டி ஓர் ஊர், பெயர் வேண்டாம். அங்கே வகுப்புக்கு வந்தவர்களில் ஒரு பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. பிளஸ் டூ முடித்துவிட்டுத் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா ஊராட்சித் தலைவரின் மைத்துனர் வைத்திருந்த காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தார். நான் சொல்வதை மற்றவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். அவள் மட்டும் விடமாட்டாள்.

“நெசமாவே கேக்கலாமுங்களா அக்கா? ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

“தாராளமாக் கேக்கலாம். நான் இருக்கேன் இல்ல?” என்றேன்.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபைக்கு அவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். போன வருடத் தீர்மானங்களை வாங்கிப் படித்து, எழுதியிருப்பது ஊரில் இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாப்பிலிருந்து காலனிவரை பன்னிரண்டு தெருவிளக்குகள் போட்டாகிவிட்டது என்று ஒரு தீர்மானத்தில் இருந்தது. கடைசி பஸ்ஸில் இறங்கும் பெண்கள், காட்டெருமை நிற்கிறதா என்று செல்போன் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து நடக்கிற பாதை அது. அவளும் இரண்டு தோழிகளும் நடந்துபோய் எண்ணினார்கள். மூன்று விளக்குகள்தான் இருந்தன.

இதற்கிடையில் எனக்கு வேறொரு கவலை. நிதியைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை அந்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அதோடு உள்ளாட்சித் தலைவர் ஒருவரின் ஆதரவுக் கடிதம் வைக்க வேண்டும். எங்கள் வேன் நிற்பது ஊராட்சி அலுவலக வாசலில். லேப்டாப்புகளுக்குக் கரண்ட் எடுப்பதும் அங்கேதான். தலைவர் கடிதம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

கூட்டம் பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. வெளியே தூறல். அவள் எழுந்து மைக்கை வாங்கினாள். கையிலிருந்த தாளை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“பன்னெண்டு லைட்டு போட்டாச்சுன்னு தீர்மானத்துல இருக்குதுங்க. நாங்க நடந்து எண்ணிப் பாத்தமுங்க. மூணுதானுங்க எரியுது. மத்த ஒம்போது கம்பத்துல லைட்டே இல்லீங்க.”

தலைவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க மேடம், இதெல்லாம் நீங்க சொல்லிக்குடுக்கறதுங்களா?”

நான் எழுந்து நின்றேன். யோசிக்க நேரமில்லை என்று பிற்பாடு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டது பொய். யோசித்தேன். கடிதத்தை யோசித்தேன்.

“இல்லைங்க சார். எங்க வகுப்புல கம்ப்யூட்டர் மட்டும்தான். இது அவங்களா கேக்கறது” என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோலப் பார்த்தாள். அதற்குள் அவளுடைய அப்பா பின்வரிசையிலிருந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்தார்.

“உக்காரு கண்ணு. தெரியாமப் பேசிருச்சுங்க, மனசுல வெச்சுக்காதீங்க” என்று தலைவரைக் கும்பிட்டார். நான் கற்றுக்கொடுத்த பாடத்துக்கு அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் வீட்டில் காப்பி குடித்துவிட்டுக் கடிதத்தை வாங்கி வந்தேன். “நீங்க படிச்சவங்க, புரிஞ்சுக்கறீங்க” என்றார். சிரித்தேன்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: இளைஞர் ஒருவர் துணிந்து குரல் எழுப்பிய சம்பவம் ஒன்றை விவரிக்கவும். நான் அவளைப் பற்றி எழுதினேன். தலைவர் அவள் கேள்வியை வரவேற்றார் என்றும் எழுதினேன். டிரைவர் எடுத்த படத்தையும் வைத்தேன். மைக்கோடு அவள் நிற்கும் படம். அதன் ஓரத்தில் என் தோளும் பாதி முகமும் தெரிந்தன. அதை வெட்டிவிட்டேன்.

நிதி வந்தது. அவள் வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். தோழிகளும் வரவில்லை. தோட்டத்தில் அவள் அப்பாவை ஒரு மாதம் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று டிரைவர் சொன்னார். விசாரிக்கக்கூட நான் போகவில்லை.

ஜனவரியில் அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் வருவதாகத் தகவல் வந்தது. அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்போதுதான் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் தார்ப்பாயில் காப்பிப் பழம் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க மேடம்” என்றாள். நான் அக்கா இல்லை என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது.

வந்த விஷயத்தைச் சொன்னேன். என்ன எழுதியிருக்கிறீர்கள், பார்க்கலாமா என்று கேட்டாள். போனைக் கொடுத்தேன். ஆங்கிலத்தை விரலால் நகர்த்தி மெதுவாகப் படித்தாள்.

“தலைவர் வரவேற்றாருன்னு போட்டிருக்குதுங்களா?”

நான் போனுக்குக் கை நீட்டினேன்.

“நீங்க என்ன சொன்னீங்கன்னு இதுல எங்கயும் இல்லீங்களே மேடம்.” போனைத் திருப்பிக் கொடுத்தாள். “நான் வர்றனுங்க. ஆனா கேட்டாங்கன்னா நடந்ததைத்தான் சொல்லுவேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்தேன். வந்த இருவரிடமும், அந்தப் பெண் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்றேன். நல்ல விஷயம்தான் என்று எழுதிக்கொண்டார்கள். டிரைவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் எங்கேயும் போகவில்லை. தோழிகளோடு ஒரு திங்கட்கிழமை சேலம் இறங்கி, கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் மனுக் கொடுத்தாள். இரண்டு தடவை பதில் இல்லை. மூன்றாவது மனுவுக்குப் பிறகு ஆறு விளக்குகள் வந்தன. எங்கள் அறிக்கை எதிலும் அது இல்லை.

அடுத்த வருடம் அந்த வேலையை விட்டேன். விடும்போது நடந்ததையெல்லாம் அறக்கட்டளைக்கு எழுதினேன். வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவர்களுடைய இணையதளத்தில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் நாகலூர் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

“எங்கிட்ட வேண்டாங்க மேடம். எங்கப்பாகிட்டச் சொல்லுங்க.”

அவளோடு இறங்கினேன். அப்பா வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் சொன்னது பொய், நான்தான் சொல்லிக்கொடுத்தேன், தப்பு என்னுடையது என்றேன். அவர் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத் திரும்பினார்.

“எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. புள்ள தினமும் ஊட்டுல வந்து சொல்லுமுங்களே, வேன்ல இது சொன்னாங்க, அது சொன்னாங்கன்னு.” மீதிக் கயிற்றைச் சுருட்டினார். “நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் எந்திரிச்சு வந்து எம்புள்ளைய உக்கார வெச்சிருக்க மாட்டனுங்க. எனக்கு அதுதானுங்க நொம்ப வருத்தம்.”

அவர் மறுபடியும் கொடியின் பக்கம் திரும்பினார். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. உள்ளே வந்து உட்காருங்கள் என்றாள் அவள். என்னால் உட்கார முடியவில்லை, தூறத் தொடங்கிய மழையிலேயே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.