டேங்க் வாயில் ஓர் உள்ளங்கை

என் பழைய அம்பாசிடரில் பெட்ரோல் அளவு காட்டும் முள் அசையவே இல்லை. தென்காசி ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் டேங்கைத் திறந்து, உள்ளிருக்கும் மிதவையை மாற்றிக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலை, ஒடிசலான உடம்பு. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படிதான் எப்போதும் பேசுவார்.

குற்றாலத்துக்குச் சீசன் ஆட்களை ஏற்றிவந்த வேன் டிரைவர் ஒருவர், பீடி புகைய உள்ளே நுழைந்தார். நான் கத்த வாயெடுத்தேன். மெக்கானிக் டேங்க் ஓட்டையை உள்ளங்கையால் பொத்தினார்.

“அண்ணாச்சி, இங்கன பெட்ரோல் தொறந்து கெடக்கு. அப்படியே திரும்பிப் போங்க.”

காபி குடிக்கக் கூப்பிடுவதுபோல்தான் சொன்னார். டிரைவர் போய்விட்டார்.

“ஏன் சத்தம் போடல?” என்றேன்.

“சத்தம் போட்டா, என்ன ஏதுன்னு கிட்ட வந்துருவாவ சார்.”

புது மிதவையை மாட்டியதும் முள் பாதிவரை ஏறி நின்றது. டேங்கை மூடிய பிறகும் அவர் இரண்டு முறை வாசலை எட்டிப் பார்த்தார்.