கலங்கரை விளக்கின் பதினாறாம் மாடி

எட்டு வருடமாக மஹ்லகாவின் காதுகளுக்கு ஓய்வே இல்லை. ஈராக்கோடு போர் தொடங்கிய முதல் மாதத்தில், எல்லையோர நகரமான அபாதானில் அவர்கள் வீட்டு முற்றத்தில் குண்டு விழுந்து அப்பா போனார். அப்பாவை அடக்கம் செய்த கையோடு, அவளும் தம்பி சியாமக்கும் வெங்காய மூட்டை ஏற்றிய லாரியில் தொற்றிக்கொண்டு தெஹ்ரானுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து யாராவது கதவை அறைந்து சாத்தினால் போதும், அவள் தோள்கள் தானாகக் காதுவரை ஏறிவிடும். தெருவில் மோட்டார் சைக்கிள் உறுமினால் கையிலிருக்கும் தேநீர் சிந்தும்.

முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. தொலைபேசி இலாகாவில் எண் விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. நகரின் நார்மக் பகுதியில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். சியாமக், போர்முனைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, மலைவழியாகத் துருக்கிக்குள் நடந்துபோய், அங்கிருந்து ஜெர்மனிக்குத் தாவிவிட்டான். அவன் விட்டுப்போனவை இரண்டு சட்டை, ஒரு குளிர்கோட்டு, பழைய கம்மடோர் கணினி ஒன்று, ஒரு ஷூ பெட்டி நிறைய அதில் ஓடும் விளையாட்டு கேசட்டுகள். "அதை மட்டும் வித்துடாதேக்கா" என்று போகும்போது கெஞ்சினான். இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை ஒரு பொம்மைப் பெட்டிக்காகக் கண்கலங்குவதைப் பார்த்து அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

1988இன் குளிர்காலம் முடியும் நேரத்தில் ஏவுகணைகள் வரத் தொடங்கின. அதற்கு முன் வந்தவை விமானங்கள். சைரன் ஊதும், வானொலியில் எச்சரிப்பார்கள், கீழே இறங்கிப் பதுங்க நேரம் இருக்கும். ஏவுகணை அப்படியல்ல. சைரன் ஊதி முடிவதற்குள் எங்கோ பூமி குலுங்கிவிடும். சில நாள் குலுங்கிய பிறகுதான் சைரனே ஊதும். சாப்பிடும்போது வரும். தலை பின்னும்போது வரும். அரை மணிக்கு மூன்று வரும், பிறகு இரண்டு நாள் ஒன்றுமே வராது. வராத அந்த இரண்டு நாள்தான் மஹ்லகாவுக்குத் தாங்க முடியவில்லை.

ஊர் காலியானது. காரின் தலையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் பக்கத்து ஊரான கராஜுக்கும் வடக்கே காஸ்பியன் கரைக்கும் ஓடினார்கள். தொலைபேசி இலாகாவில் மட்டும் யாருக்கும் விடுப்பு கிடையாது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் நாள்முழுக்கக் கேட்டதெல்லாம் ஒரே மாதிரி குரல்கள்.

"தங்கச்சி, நீங்க குடுத்த நம்பர் அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க. வேற நம்பர் இருக்கா?"

"அந்த வீட்டுக்கு அது ஒண்ணுதான் ஐயா."

"அப்ப பக்கத்து வீட்டு நம்பர் குடும்மா."

பக்கத்து வீட்டு எண்ணையும் கொடுப்பாள். சிறிது நேரத்தில் அதே குரல் மறுபடி வரும். இம்முறை மருத்துவமனை எண் கேட்கும்.

அப்படி ஒரு நாள் முடிந்து வீடு திரும்பிய சாயங்காலம், வீட்டின் நிசப்தம் அவளைக் கடித்தது. தொலைக்காட்சியைப் போட்டால் அதிலும் போர். அடுத்து என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே அலமாரி மேலிருந்த கணினியை இறக்கித் தொலைக்காட்சியில் பொருத்தினாள். சியாமக் செய்வதை நூறு முறை பார்த்திருந்ததால் கை தானே வேலை செய்தது. கேசட் உறையில் அவன் கையெழுத்தில் "கலங்கரை விளக்கம்" என்று இருந்த ஒன்றை எடுத்துப் போட்டாள்.

கேசட் சுழன்றதும் ஒரு கிறீச்சொலி. தகரத்தை ஆணியால் இழுப்பதுபோல, நடுநடுவே ஊளையிட்டுக்கொண்டு. திரையில் வண்ணக் கோடுகள் ஓடின. விளையாட்டு ஏறுவதற்கு எட்டு நிமிடம் ஆகும். மூன்றாவது நிமிடத்தில் யாரோ கதவை இடித்தார்கள்.

மஹ்லகா துள்ளி எழுந்தாள். ரோந்துக்காரர்கள் என்றுதான் நினைத்தாள். தம்பி ஓடிப்போன வீடு, வெளிநாட்டுப் பெட்டி, ரகசியச் செய்தி அனுப்புவதுபோல ஒரு சத்தம். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தாள்.

வாசலில் கத்தரிக்கோலும் கையுமாக எஸ்மத் கானும் நின்றாள். பெயர் எஸ்மத்; 'கானும்' என்பது அங்கே பெண்களுக்குப் போடும் மரியாதைச் சொல். கீழ்த்தளத்துக்காரி, கணவனை இழந்தவள், ஐம்பத்தைந்து வயது. பெண்களுக்கு வீட்டிலேயே முடி வெட்டிச் சாயம் போட்டுவிடுபவள். அவள் நாக்குக்கு அந்தத் தெருவே பயப்படும்.

"என்னடி இது ஊளை? மாடி பூரா கேக்குது. சதாமுக்கு ஃபோன் போடறியா? போட்டா என் பேரைச் சொல்லு. நேத்து வெச்ச ஊறுகாய் ஜாடியை உடைச்சுட்டான்னு சொல்லு."

மஹ்லகா சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது. எஸ்மத் கானும் உள்ளே வந்து திரையைப் பார்த்தாள். ஊளை அடங்கி, மூன்று குரலில் ஒரு சின்ன மெட்டு கிளம்பியது. கட்டைவிரல் அளவில் ஒரு விளக்குக்காரன். அவனுக்கு மூன்று உயிர். கலங்கரை விளக்கத்தில் பதினாறு மாடி. ஒவ்வொரு மாடியிலும் ஏணி ஏறி, பள்ளம் தாண்டி எல்லா விளக்கையும் ஏற்றினால் அடுத்த மாடி திறக்கும். குறுக்கே நண்டுகளும் கடற்பறவைகளும் வரும். தொட்டால் செத்தான்.

முதல் அரை நிமிடத்திலேயே மஹ்லகாவின் ஆள் மூன்று தடவை செத்துப்போனான்.

"ஒரு கிழட்டு நண்டுகிட்ட தோக்குறியே, குடு இங்க!" என்று விளையாட்டுக் கைப்பிடியைப் பிடுங்கிய எஸ்மத் கானும், அவளைவிடச் சீக்கிரமாகத் தோற்றாள். "இந்தச் சிவப்பு பட்டன்தான் கெட்டது" என்று பழியை அதன்மேல் போட்டாள். மறுபடி ஆடினார்கள். மறுபடியும்.

நான்காம் நாள்தான் மஹ்லகாவுக்கு விஷயம் புரிந்தது. நண்டு ஏழு அடி வைத்துத் திரும்பும். எப்போதும் ஏழுதான். பறவை இரண்டு முறை தாழ்ந்து, மூன்றாம் முறை உயர்ந்து போகும். எத்தனை பயங்கரமாக வந்தாலும் அதற்கென்று ஒரு கணக்கு இருந்தது. கணக்கைப் பிடித்துவிட்டால் பயம் விலகி அந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பு வந்து உட்கார்ந்தது. செத்தால் அது தன் அவசரத்தால் செத்தது, யாரோ கண்காணாத தூரத்தில் ஒரு விசையைத் தட்டியதால் அல்ல. செத்த அடுத்த நொடியே அதே ஏணியடியில் மெட்டு மாறாமல் நிற்கலாம். வெளியே எதற்கும் கணக்கில்லாத அந்த நாட்களில், அந்த அரையடிப் பெட்டிக்குள் எல்லாம் நியாயமாக நடந்தது.

பயம் விட்டுப்போனது என்று சொல்ல முடியாது. வேலையில் நடுங்கினாள், பேருந்தில் நடுங்கினாள். வீட்டுப் படியேறும்போது மட்டும் இன்று எந்த மாடிவரை போகலாம் என்று மனம் ஓடும். எஸ்மத் கானும் தேநீரும் சூரியகாந்தி விதையும் கொண்டுவந்து பக்கத்தில் சம்மணமிட்டு உட்காருவாள். சைரன் கேட்டதும் இருவரும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, நிலவறைக்கு ஓடுவார்கள். அங்கே நான்காம் மாடி கெஷாவர்ஸ், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், டார்ச்சு விளக்கோடு முன்னமே உட்கார்ந்திருப்பார்.

"இன்னிக்கு எத்தனாவது மாடி?" என்று கேட்பார்.

"பதினொண்ணு. உங்களால மூணு தாண்ட முடியாது, உங்களுக்கு மூட்டு வலி" என்பாள் எஸ்மத் கானும்.

பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் வந்துபோன பிறகு இரண்டாம் வெள்ளிக்கிழமை, மத்தியானம். எஸ்மத் கானும் கீழே வாடிக்கையாளர் ஒருத்திக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். மஹ்லகா தனியாக ஆடினாள். அன்று கை அவள் பேச்சைக் கேட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று உயிர் போகாமலே ஏறினாள். பதினைந்தில் இரண்டு உயிர் போயின. பிறகு கண்ணிமைக்காமல் கடைசி விளக்கை ஏற்றினாள். திரை கறுத்து, அதுவரை யாரும் பார்த்திராத பதினாறாம் மாடி திறந்தது. நட்சத்திரம், அலை, நடுவே ஒரே ஒரு பெரிய விளக்கு. கையில் ஒரே ஒரு உயிர்.

அப்போது சைரன் ஊதியது.

அவளுக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பின்னால் ஒருநாளும் அவள் சொல்லவில்லை. முதல்முறையாக அவள் தோள்கள் ஏறவில்லை. எழுந்தால் எல்லாம் போய்விடும், மறுபடி முதல் மாடியிலிருந்து வரவேண்டும். இரண்டு நாளாக எதுவும் விழவில்லை, இதுவும் தூரத்தில் எங்கோ விழும் என்று நினைத்தாள்.

"மஹ்லகா! இறங்குடி!" கீழிருந்து குரல்.

"வர்றேன்! ஒரு நிமிஷம்!"

"நிமிஷமாவது மண்ணாவது! செத்துத் தொலையப் போறே!"

செருப்புச் சத்தம் படியேறி வந்தது. முதல் மாடி, இரண்டாம் மாடி. மஹ்லகா ஏணியில் கால் வைத்தாள். பறவை ஒருமுறை தாழ்ந்தது.

சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. வயிற்றுக்குள் எதுவோ அறுந்ததுபோல இருந்தது. தரை மேலெழும்பி அவளைச் சுவரில் எறிந்தது. திரை அணைந்தது. காற்று முழுக்கச் சுண்ணாம்பு. இரண்டு தெரு தள்ளி விழுந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. ஜன்னலில் அவள் ஆணியடித்திருந்த கம்பளி கண்ணாடியைத் தடுத்துவிட்டது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

படிக்கட்டின் ஜன்னலில் கம்பளி இல்லை.

எஸ்மத் கானும் இரண்டாம் மாடியைத் தாண்டிய திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். விழவில்லை, களைத்துப்போய் உட்கார்ந்தவள்போலச் சுவரில் சாய்ந்திருந்தாள். இரு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வடிந்தது. "யாரு? யாரு அது? விளக்கைப் போடு" என்றாள். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மஹ்லகாவும் கெஷாவர்ஸும் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கெஷாவர்ஸின் பழைய பெய்கான் கார், கண்ணாடி உடைந்த தெருக்களில் நொறுநொறுவென்று ஓடியது. வழிநெடுக மஹ்லகாவின் மணிக்கட்டை எஸ்மத் கானும் விடவே இல்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. எல்லோரையும் நடுங்கவைத்த அந்த நாக்கு பேசாமல் கிடந்ததுதான் மஹ்லகாவுக்கு வெடிச்சத்தத்தைவிடப் பயமாக இருந்தது.

இடது கண் போய்விட்டது என்று மருத்துவர் சொன்னார்.

அடுத்த ஐந்து நாள் மஹ்லகா மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. கணினியை ஒரு விரிப்பில் சுற்றி அலமாரிக்கு மேலே தள்ளினாள். வேலைக்குப் போனாள், எண்களைச் சொன்னாள். அதுவரை வானத்திலிருந்து வருவதற்குப் பயந்தவள், இப்போது ஒரு கட்டிலருகே போய் நிற்கப் பயந்தாள். ஒவ்வொரு நாளும் பேருந்தில் அந்த நிறுத்தம் வரும்போது எழுந்து, கம்பியைப் பிடித்து, மறுபடி உட்கார்ந்தாள். ஆறாம் நாள் கெஷாவர்ஸ் படியில் மறித்து, "அவ உன்னைத்தான் கேக்கறா. எனக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு" என்றார்.

எஸ்மத் கானும் தலையில் கட்டோடு சாய்ந்திருந்தாள். மிஞ்சிய கண்ணால் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்தியா? பொணத்தைத் தூக்கிட்டாங்களான்னு பாக்க வந்தியா?"

"கானும், என்னாலதான்..." மஹ்லகா தொடங்கினாள்.

"ஆமா, உன்னாலதான். இல்லைன்னு சொல்லி உன்னைத் தேத்துறதுக்கு என்கிட்ட தெம்பு இல்ல. ராக்கெட்டை அவன் போட்டான். மாடியேற வெச்சது நீ. அதை நான் மறக்க மாட்டேன். கோவம் வர்றப்ப சொல்லிக் காட்டுவேன், நீ கேட்டுக்கணும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா அஞ்சு நாள் வராம இருந்தியே. இந்தக் கட்டோட ஒரு நாதியத்தவ மாதிரி படுத்துக்கிடந்தேன். அதைத்தான் மன்னிக்கவே மாட்டேன்."

மஹ்லகா கட்டிலின் இரும்புச் சட்டத்தில் நெற்றியை வைத்து வெகுநேரம் இருந்தாள். எஸ்மத் கானும் அவள் முக்காட்டை விலக்கி, முடியை விரலால் அளந்து பார்த்து, "நுனி எல்லாம் வெடிச்சிருக்கு" என்று முணுமுணுத்தாள்.

அந்தக் கோடையில் போர் நின்றது. எஸ்மத் கானும் சொன்னபடியே செய்தாள். கோபம் வந்தபோதெல்லாம் சொல்லிக் காட்டினாள், மஹ்லகா கேட்டுக்கொண்டாள். ஒற்றைக் கண்ணால் தூரம் கணிக்க முடியவில்லை. தேநீரை ஊற்றினால் கோப்பைக்கு வெளியே ஊற்றும். கத்தரி காதைக் கடிக்கும். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மஹ்லகா மூன்றாம் மாடியை விட்டுவிட்டுக் கீழே அவளோடு வந்து குடியேறி, கத்தரியைத் தானே கற்றுக்கொண்டாள். வேலை முடிந்து வந்து, அவள் சொல்லச் சொல்ல வெட்டினாள்.

குளிர்காலத்தில் ஒருநாள் எஸ்மத் கானும் கேட்டாள்: "அந்த ஊளைப் பெட்டி எங்க?"

"எதுக்கு? வேண்டாம்."

"நீ ஆட வேண்டாம். நான் ஆடுறேன். யோசிச்சுப் பாத்தேன். கோப்பை, கத்தரி எல்லாம் எனக்குக் கிட்டயா தூரமான்னு தெரியல. அந்தக் கண்ணாடிக்குள்ள எல்லாமே தட்டைதானே? கிட்டன்னும் இல்ல, தூரம்னும் இல்ல. அங்க நான் நொண்டி இல்ல."

மறுக்க முடியாமல் மஹ்லகா இறக்கிக் கொடுத்தாள். கேசட்டின் கிறீச்சொலி கிளம்பியது. சைரன், செருப்புச் சத்தம், சுண்ணாம்பு நாற்றம் எல்லாம் மஹ்லகாவுக்குள் ஒன்றாக ஏறி வந்தன. எழுந்து முற்றத்துக்கு ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், அந்த ஒலி எழும்போதெல்லாம் அவள் ஓடத்தான் செய்தாள். அந்தப் பயம் அவளைவிட்டுப் போகவே இல்லை. எட்டு நிமிடமும் முற்றத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பிறகு உள்ளேயிருந்து எஸ்மத் கானும் கத்துவாள்: "ஊளை அடங்கியாச்சு, வாடி! விதையை எடுத்துட்டு வா!"

அவளும் எடுத்துக்கொண்டு போவாள்.